களஞ்சியத்தில் நான் திருத்திய மூன்று வரிகள்

புதிதாகச் சேர்ந்த ஆறு பேருக்கும் இதை எழுதுகிறேன். உங்களில் ஒருவர் போன செவ்வாய்க்கிழமை பூட்டுக் கோப்பை அழித்துவிட்டு, "குப்பையைத் துப்புரவாக்கினேன்" என்று இரண்டே சொல்லில் குறிப்பு எழுதி அனுப்பியிருந்தார். நான் ஓய்வுபெற்றுப் பதினாறு மாதமாகிறது. ஆனாலும் இப்படியான மாற்றங்களின் அறிவிப்புகள் என் தொலைபேசிக்கு வருவதை நிறுத்துவதற்கு அலுவலகத்தில் ஒருவருக்கும் இன்னும் நேரம் கிடைக்கவில்லை. காலைத் தேநீருக்கு முன் அதைப் பார்த்துத் தொலைத்தேன். அன்று முழுவதும் நெஞ்செரிவு. பொறுப்பாளரை அழைத்து இருபத்திரண்டு நிமிடம் கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணன், இதை எனக்குச் சொல்லி என்ன பிரயோசனம்? எழுதித் தாங்க, பிள்ளைகள் படிக்கட்டும்" என்றார். ஆகவே எழுதுகிறேன்.

மென்பொருளைக் கட்டும் கருவியை எப்படிப் பாவிப்பது என்று நான் விளக்கப்போவதில்லை. அதற்குக் கையேடு இருக்கிறது. நானூற்றுப் பதினெட்டுப் பக்கம். உங்களில் ஒருவரும் அதைத் திறந்ததில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் இதைத் தொலைபேசிப் பகுதியில் இருப்பவர்களும் படிக்கப்போகிறார்களாம், அவர்களுக்காக மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

நம்முடைய மென்பொருள், சிறுநீரகம் பழுதாகி இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர்களுக்கு வான் ஒழுங்குசெய்கிறது. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணித்தியாலம் அவர்கள் இயந்திரத்தோடு இருக்கவேண்டும். அந்த மென்பொருளை நாம் தனியே எழுதவில்லை. பிறர் எழுதி இலவசமாகத் தந்த பொதிகளின், அதாவது ஆயத்த நிரல் துண்டுகளின், மேல் கட்டியிருக்கிறோம். நாம் பெயர்சொல்லிக் கேட்டவை பத்தொன்பது. அந்தப் பத்தொன்பதும் தங்களுக்கு வேண்டிய ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தன. கலியாண வீட்டுக்குப் பத்தொன்பது அழைப்பிதழ் அனுப்ப நூற்று முப்பத்தேழு பேர் வந்து இறங்கிய மாதிரி. எந்தப் பொதி, எந்தப் பதிப்பு வேண்டும் என்று பார்த்து, இறக்கி, சேர்த்து, கட்டித்தருவதுதான் கருவியின் வேலை. இறக்கியவற்றை அது ஒரு களஞ்சியத்தில் போட்டு வைக்கும். நீங்கள் அதைக் காஷ் என்பீர்கள். எந்தப் பதிப்பை எடுத்தோம், அதன் கைரேகை என்ன என்பதைப் பூட்டுக் கோப்பில் எழுதி வைக்கும். அந்தக் கோப்பை அழித்தால் அடுத்த முறை எந்தப் பதிப்பு இறங்கும் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. கைரேகை என்றால் பொதியின் உள்ளடக்கத்திலிருந்து கணித்து எடுக்கும் நீண்ட இலக்கம். உள்ளே ஒரு காற்புள்ளி மாறினாலும் இலக்கம் மாறிவிடும்.

இவ்வளவு போதும். இனி நடந்ததைச் சொல்கிறேன்.

மார்ச் மாதம், இந்த நாட்டில் எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளுகிற ஞாயிறுக்கு முந்திய வெள்ளிக்கிழமை. தவக்காலம். நான் தேநீரை விட்டுப் பத்தாவது நாள். ஆகவே காலையிலிருந்தே எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. மத்தியானம் ஒன்று இருபதுக்கு ரெஜினா என் மேசைக்கு வந்தார். வான் சாரதிகளுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவர் அவர்தான். மன்னார்க்காரி. கையில் திங்கட்கிழமைப் பட்டியல்.

"அண்ணை, உங்கட கொம்பியூட்டருக்கு என்ன விசரே?"

"என்ன பிரச்சினை?"

"முதல் ட்ரிப் முழுக்க ஒரு மணித்தியாலம் பிந்திக் கிடக்குது. ஆறரைக்கு மிசினிலை படுக்கவேண்டிய சனத்தை ஆறு நாப்பதுக்கு வீட்டை போய் ஏத்தட்டாம். அவையின்ர இரத்தத்தை நான் வானுக்கை வைச்சே சுத்தம்பண்ணிக் குடுக்கட்டே?"

நான் சுவரில் சோதனை முடிவுகள் ஓடும் திரையைக் காட்டினேன். "ரெஜினா, நானூற்றுப் பன்ரண்டு ரெஸ்ற். எல்லாம் பச்சை."

"பச்சையோ நீலமோ, எனக்கு உந்த விளக்கம் வேண்டாம். இதிலை கிடக்கிற ஆக்களை நான் ஆறு வருசமா ஏத்துறன். அஞ்சு நாப்பதெண்டால் அஞ்சு நாப்பது."

இந்தப் பச்சை நிறத்தைப்பற்றி ஒரு சொல். நீங்கள் எல்லோரும் அதைப் பார்த்தவுடன் மதியச் சாப்பாட்டுக்கு எழும்பிப் போகிறீர்கள். நாம் கேட்ட கேள்விகளுக்கு விடை சரி என்பதற்குத்தான் அந்தப் பச்சை. நாம் கேட்க மறந்த கேள்வியைப்பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. நானூற்றுப் பன்னிரண்டு சோதனைகளில், கடிகாரம் மாறுகிற வாரத்தைப்பற்றிக் கேட்டது எத்தனை என்று பிறகு எண்ணிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

எல்லோருடைய பார்வையும் ஆரணிமேல் போனது. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, வேலைக்கு வந்து இரண்டாவது மாதம். அந்தச் செவ்வாய்க்கிழமைதான் அவள் கட்டும் கருவியின் பழைய பதிப்பை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டிருந்தாள். அந்த வாரத்தில் வேறு பெரிய மாற்றம் எதுவும் இல்லை.

"அங்கிள், ஐ ஸ்வேர், நான் அந்தக் கட்டுற ரூலை மட்டும்தான் மாத்தினனான். எங்கட கோட்டிலை ஒரு லைனும் தொடேல்லை."

"தொடாமல் எப்படி மணித்தியாலம் மாறும்?" என்று கேட்டேன். கேட்ட விதமும் நல்லதல்ல.

பொறுப்பாளர் வந்தார். அவர் மட்டக்களப்புப் பக்கம். குரலை உயர்த்திப் பேசி நான் கண்டதில்லை. அவர் கேட்ட முதல் கேள்வி, பழைய கருவிக்குத் திரும்பலாமா என்பது. திரும்பினோம். செவ்வாய்க்கு முன் இருந்தபடி எல்லாவற்றையும் வைத்துப் புதிதாகக் கட்டினோம். முப்பத்தெட்டு நிமிடம் எடுத்தது. இரண்டு நாற்பத்துநான்குக்கு முடிந்தது. ரெஜினா பட்டியலை மீண்டும் எடுத்துப் பார்த்தார்.

"அதே ஆறு நாப்பது," என்றார்.

ஆரணி முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அவளுடைய மாற்றத்தை முழுவதும் எடுத்துவிட்டோம், பிழை போகவில்லை. அப்படியென்றால் பிழை அவளுடையது இல்லை என்பதுதானே அர்த்தம்? அந்த அறையில் ஒருவரும் அப்படி நினைக்கவில்லை. அவள் வேறு எதையோ குழப்பிவிட்டாள் என்றுதான் நினைத்தார்கள். பதற்றத்தில் மனிதர்கள் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், இன்னும் ஏழு நிமிடத்துக்கு.

இரண்டு ஐம்பத்தொன்றுக்கு எனக்கு ஞாபகம் வந்தது.

ஆறு வருடத்துக்கு முன், இந்த மென்பொருள் ஓடத் தொடங்கிய முதலாவது மார்ச். அப்போதும் இதே பிழை வந்தது. தேடிப் பார்த்தபோது பிழை எங்களுடையது அல்ல, நேரத்தைக் கணிக்கிற ஒரு பொதியினுடையது என்று கண்டுபிடித்தேன். வாரந்தோறும் வருகிற ஒரு நேரத்தைக் கடிகார மாற்றத்துக்கு அப்பால் கொண்டுபோகும்போது அது ஒரு மணித்தியாலத்தைத் திருத்த மறந்தது. மூன்று வரி. முறையாகச் செய்வதானால் இரண்டு வழி இருந்தது. எழுதியவருக்கு அறிவித்து அவர் திருத்தும்வரை காத்திருக்கலாம். அல்லது பொதியைப் பிரதி எடுத்து, நமது பெயர் வைத்து, திருத்தி, நமது கோப்பில் அறிவிக்கலாம். இரண்டாவது வழிக்கே இரண்டு நாள் வேண்டும். என்னிடம் அரை நாள்தான் இருந்தது. ஆகவே சேர்வரில் இருந்த களஞ்சியத்தைத் திறந்து, இறக்கி வைத்திருந்த பொதிக்குள்ளேயே அந்த மூன்று வரியையும் திருத்திவிட்டு மூடினேன்.

அந்தக் காலத்துக் கருவி பொதியை இறக்கும்போது மட்டும்தான் கைரேகை பார்க்கும். களஞ்சியத்துக்குள் போனபிறகு திரும்பிப் பார்க்காது. நான் செய்ததை அது காணவில்லை. எல்லாம் வேலை செய்தது. என் குறிப்புப் புத்தகத்தில், "மூன்று வரி. திங்கள் முறையாகச் செய்யவேண்டும்" என்று எழுதினேன். அதற்குப் பிறகு முந்நூறுக்கு மேல் திங்கட்கிழமைகள் வந்துபோயின.

எனக்கு என்மேல் வருகிற ஆத்திரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. நாம் நிரல் எழுதுகிற மொழி எது? வைத்த மதிப்பை மாற்றவிடாத மொழி. எல்லாம் கணிதத்தில் வருகிற சார்புகள் மாதிரி. உள்ளே போவது ஒன்றாக இருந்தால் வெளியே வருவதும் என்றைக்கும் ஒன்றாக இருக்கவேண்டும். இதன் பெருமையைப்பற்றி வருகிற ஒவ்வொருவருக்கும் நான் ஒரு மணித்தியாலம் பிரசங்கம் செய்திருக்கிறேன். பதினேழு பேருக்கு. அந்தப் பிரசங்கம் செய்த வாயோடு, ஒருவரும் பார்க்காத இடத்தில் கை விட்டு மாற்றியவனும் நான்தான்.

செவ்வாய்க்கிழமை நடந்தது இதுதான். புதிய கருவி தனக்கென்று புதிய களஞ்சியம் வைத்துக்கொண்டது. அதற்குள் எல்லாப் பொதிகளையும் புதிதாக இறக்கியது. என் மூன்று வரி அதில் இல்லை. சரி, பழைய கருவிக்குத் திரும்பியபோது பழைய களஞ்சியம் எங்கே போனது? ஆரணி என்னிடம் கேட்டிருந்தாள், எழுத்தில்: "அங்கிள், பழைய காஷை வைச்சிருக்கட்டோ?" நான் எழுதிய பதில்: "வேண்டாம். அறுபத்தொரு கிகாபைட். அழிக்கவும்." எனக்குக் கிகாபைட் எத்தனை என்று ஞாபகம் இருந்தது. உள்ளே என்ன இருந்தது என்பது ஞாபகம் இல்லை. செவ்வாய்க்கு முன் கட்டி முடித்து வைத்திருந்த பழைய கட்டுமானத்தையே எடுத்துப் போடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஐந்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது சட்டம். செவ்வாய்க்குப் பிறகு ஆறு வெளியிட்டோம், பழையவை அழிந்துபோயின. அந்தச் சட்டத்தைப் போட்டவர் யார் என்று கேட்கவேண்டாம்.

நான் இதையெல்லாம் விளங்கிக்கொண்டு கதிரையில் இருந்தபோது பொறுப்பாளர் என் பக்கம் குனிந்தார்.

"அண்ணன், கோலை நிப்பாட்டவா?"

அவர் கேட்டது தானியங்கித் தொலைபேசி அழைப்புகளை. ஒவ்வொரு பயணத்துக்கும் முந்திய வேலை நாளில், வான் எத்தனை மணிக்கு வரும் என்று ஐம்பத்தெட்டு நோயாளிகளுக்கும் ஒரு குரல் அழைத்துச் சொல்லும். திங்கட்கிழமைக்கானது வெள்ளிக்கிழமை. பிக்கரிங் பக்கம் இருக்கும் ஒன்பது பேருக்கு மூன்றரைக்கு. மற்ற நாற்பத்தொன்பது பேருக்கு ஐந்து மணிக்கு. பெரும்பாலும் வயதுபோன சனம். அந்தக் குரல் பிழையான நேரத்தைச் சொன்னால் அந்த நேரத்துக்குத்தான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நிற்பார்கள். பிந்திப் போனால் சுத்திகரிப்பு நிலையம் இயந்திரத்தை நீட்டித் தராது. அடுத்தவர் காத்துக்கொண்டிருப்பார். இழந்த நேரம் இழந்ததுதான். உடம்பில் தங்கிய நீரோடும் நஞ்சோடும் வீட்டுக்குப் போகவேண்டும்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். நான் சொன்னது இது:

"வேண்டாம். மூண்டரைக்கிடையிலை சரிப்படுத்திப்போடுவன்."

"நிச்சயமா?"

"நிச்சயம்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல நாள் யோசித்தேன். அழைப்புகளை நிறுத்தினால் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அறிவிக்கவேண்டும். அவர்கள் காரணம் எழுதிக் கேட்பார்கள். எழுதினால் அந்த மூன்று வரியும் அதில் வரும். நிறுத்தாவிட்டால் ஒருவருக்கும் தெரியாமல் முடித்துவிடலாம். என் மூளை இந்தக் கணக்கைப் போட எடுத்த நேரம் இரண்டு விநாடிகூட இல்லை. நான் ஒன்றும் கெட்ட மனிதன் அல்ல என்று இன்றைக்கும் நினைக்கிறேன். கெட்ட மனிதனாக இருக்கத் தேவையில்லை என்பதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

அதன்பிறகு நான் செய்தது இன்னும் மோசம். மூன்று ஐந்துக்குக் குறிப்புப் புத்தகத்தைக் கண்டுபிடித்தேன், அலுமாரியின் நாலாவது தட்டில். நேரத்தைச் சேமிக்கவென்று புதிய கருவியையே திரும்பவும் போடச் சொன்னேன். பிறகு ஒருவருக்கும் சொல்லாமல் சேர்வருக்குள் போய், புதிய களஞ்சியத்தில் அந்தப் பொதியைத் திறந்து, ஆறு வருடத்துக்கு முன் செய்த அதே மூன்று வரித் திருத்தத்தைச் செய்தேன். மூன்று இருபத்தொன்று. கட்டச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன். ஒரு பிழையால் இவ்வளவும் நடந்திருக்கிறது, அதே பிழையை அதே கையால் இரண்டாம் முறை செய்தேன், அதுவும் கவனமாக, வரியை வரியோடு ஒப்பிட்டு.

கருவி ஒவ்வொரு பொதியாகப் பார்த்துக்கொண்டு வந்தது. மூன்று முப்பதுக்கு அழைப்புகள் போயின. மூன்று முப்பத்துமூன்றுக்குச் சுவரில் இருந்த திரை சிவப்பாக மாறியது.

புதிய கருவி களஞ்சியத்துக்குள் இருப்பதையும் ஒவ்வொரு முறையும் சரிபார்க்கும். கையேட்டின் இருநூற்றாறாம் பக்கத்தில் இருக்கிறது. நான் படித்திருக்கிறேன். அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

திரைக்குப் பக்கத்தில் நின்ற ஆரணி வாசித்தாள். "கைரேகை பொருந்தேல்லையாம். நேரம் கணிக்கிற பக்கேஜ். ஆரோ காஷுக்குள்ளை கை வைச்சிருக்கினம்... த்ரீ ட்வென்ரிவண்ணுக்கு. லைக், இப்ப."

"ஹக்கரா?" என்றார் பொறுப்பாளர்.

"ஹக்கர் வந்து ஆகலும் மூண்டு லைனை மாத்திப்போட்டுப் போவானே? இந்தச் சேர்வருக்கு ரெண்டு பேருக்குத்தான் அக்ஸஸ். ஒண்டு நான். நான் இஞ்சை நிக்கிறன்."

ரெஜினா என் பக்கம் திரும்பினார். "அண்ணை, உங்கட முகம் ஏன் உப்பிடிப் போகுது?"

"நான்தான்," என்றேன்.

முழுவதையும் சொன்னேன். ஆறு வருடத்துக்கு முந்தியதையும், அறுபத்தொரு கிகாபைட்டையும், இப்போது செய்ததையும். சொல்லி முடிய ஆறு நிமிடம். முடிந்ததும் பொறுப்பாளர் ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தனை மணிக்கு உங்களுக்கு விளங்கினது?"

"ரெண்டு அம்பத்தொண்டு."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "மறுகா ஏன் அண்ணன் நிச்சயம் எண்டு சொன்னீங்க?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. "சரி. அதைப் பிறகு பேசுவம். முதல்ல அஞ்சு மணிக் கோலை நிப்பாட்டுங்க. ரெஜினா, போன கிழமைப் பேப்பர் இருக்கா? அதிலதான் சரியான நேரம். போன ஒன்பது பேருக்கும் நாங்க ஆளாளுக்கு எடுத்துச் சொல்லுவம். ஆரணி, நீங்க ஃபோன் எடுக்க வேணாம். பிழையைப் பாருங்க."

முப்பத்தோரு வருடம் இந்தத் தொழிலில் இருந்து நான் கற்றுக்கொள்ளாத ஒன்றை அந்த மனிதர் அரை நிமிடத்தில் செய்தார். பிழையைத் திருத்துவது முதல் வேலை அல்ல. பிழை வெளியே போய்க்கொண்டிருக்கிற வாசலை மூடுவதுதான் முதல் வேலை. நாம் எல்லோரும் பிழையைத் திருத்த ஓடுகிறோம், ஏனென்றால் அதுதான் நமக்குச் சுவையான வேலை. வாசலை மூடுவதற்கு, ஐயோ இப்படி நடந்துவிட்டது என்று வெளியாருக்குச் சொல்லவேண்டும். அது கசப்பு.

ஆரணி பதினான்கு நிமிடத்தில் கண்டுபிடித்தாள்.

"அங்கிள், இதை அவையே ஃபிக்ஸ் பண்ணிட்டினம். அடுத்த வேர்ஷனிலை. நாலு வருசமாச்சு. அதே மூண்டு லைன்."

"நாலு வருசமோ?"

"நீங்கள் லொக் ஃபைலிலை பழைய நம்பரையே வைச்சிருந்தபடியால் ஒருத்தரும் பாக்கேல்லை. இப்ப நம்பரை ஒண்டு கூட்டினால் சரி. தட்ஸ் இற்."

ஓடுவதைத் தொடாதே என்பது என் கொள்கை. அதைப் பெரிய நிதானம் என்று நினைத்திருந்தேன். உண்மையில் ஏன் அந்தப் பொதியை ஒருவரையும் தொடவிடவில்லை? தொட்டால் களஞ்சியம் புதிதாக இறங்கும், என் திருத்தம் போய்விடும் என்ற பயம் எங்கோ ஒரு மூலையில் இருந்திருக்கவேண்டும். பிறகு காரணம் மறந்துபோய்க் கொள்கை மட்டும் மிஞ்சியது. பூட்டுக் கோப்பை அழிக்கிற உங்களுக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நீங்கள் பூட்டையே உடைத்து எறிகிறீர்கள். நான் பூட்டிவிட்டு உள்ளே என்ன இருக்கிறது என்பதை மறந்தேன்.

அவள் இலக்கத்தைக் கூட்டி, மாற்றத்தை எழுத்தில் வைத்து, கடிகார மாற்றத்துக்கென்று ஒரு சோதனையும் எழுதினாள். நானூற்றுப் பதின்மூன்றாவது. கட்டி முடிய நான்கு முப்பத்தைந்து. ரெஜினா பட்டியலை ஒவ்வொரு வரியாகப் பழைய கடதாசியோடு ஒத்துப் பார்த்து, "இப்ப ஆக்களை ஏத்தலாம்" என்றார். ஐந்து மணி அழைப்புகளைத் திறந்துவிட்டோம். நாற்பத்தொன்பது பேருக்கும் சரியான நேரம் போனது.

கட்டுமானம் ஓடிக்கொண்டிருந்தபோது ஆரணி என்னிடம் சொன்னாள்: "என்ர வேலை போகப்போகுதெண்டு அம்மாவுக்கு ரெக்ஸ்ற் பண்ணிட்டன், அங்கிள்."

"எத்தனை மணிக்கு?" என்று என் வாய் கேட்டுவிட்டது.

"அங்கிள். சீரியஸ்லி?"

தொலைபேசியில் பார்த்துச் சொன்னாள். மூன்று மணி ஒரு நிமிடம். அந்த நேரம் நான் அவளுக்கு நாலு மேசை தள்ளி இருந்து குறிப்புப் புத்தகம் தேடிக்கொண்டிருந்தேன்.

இனி அந்த ஒன்பது பேர். ஆறு பேர் முதல் அழைப்பிலேயே எடுத்தார்கள். இரண்டு பேர் திருப்பி எடுத்தார்கள். ஒருவர் எடுக்கவே இல்லை. பிக்கரிங்கில் மகன் வீட்டில் இருக்கும் ஒரு வயதான அம்மா. மூன்று ஐம்பத்திரண்டுக்கு முதல் முறை அழைத்தோம். ஞாயிறு மாலைவரை பதினொரு முறை. ஒவ்வொரு முறையும் பதிவு இயந்திரம்தான் பேசியது. கோப்பில் இருந்த அவசர இலக்கம் வேறு யாருடையதோ. சனிக்கிழமை ரெஜினா வீட்டுக்கே காரில் போய்க் கதவைத் தட்டினார். மகன் குடும்பம் விடுமுறையில் போயிருந்தது. கதவில் கடதாசி எழுதி ஒட்டிவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை காலை ஐந்து நாற்பதுக்கு வான் அந்த வீட்டுக்குப் போனது. கடதாசி கதவிலேயே இருந்தது. சாரதி பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார். வானுக்குள் இன்னும் இரண்டு நோயாளிகள் இருந்ததால் போகவேண்டியதாயிற்று. அந்த அம்மா பிறம்ரனில் இருக்கும் மகள் வீட்டில் வார இறுதியைக் கழித்திருந்தார். மகள் அவரைக் கொண்டுவந்து இறக்கியபோது ஆறு இருபத்தைந்து. அந்தக் குரல் சொன்ன நேரத்துக்குக் கால் மணித்தியாலம் முன்னதாகவே வந்து நின்றார். ரெஜினா வேறு வான் திருப்பிவிட்டார். நான்கு மணித்தியாலத்தில் ஐம்பது நிமிடத்தை அவர் இழந்தார்.

பொறுப்பாளர் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. சுத்திகரிப்பு நிலையத்துக்கு அறிக்கையை என்னையே எழுதச் சொன்னார். அந்தச் சேர்வருக்குள் தனி ஒருவராகப் போகும் அனுமதியை என்னிடமிருந்து எடுக்கும்படி நானே கேட்டேன். இன்றைக்கும் அங்கே இரண்டு பேர் சேர்ந்துதான் போகலாம். அது பெரிய தொல்லை என்று நீங்கள் முறைப்பாடு எழுதியிருக்கிறீர்கள். ஐந்து முறைப்பாடு. ஐந்தையும் படித்தேன். தொல்லையாகத்தான் இருக்கவேண்டும்.

செவ்வாய்க்கிழமை நான் அந்த அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். யார் என்று சொல்லி, பிழை என்னுடையது என்றும் சொன்னேன்.

"ஐயோ தம்பி, அதுக்கு ஏன் நீர் இவ்வளவு கவலைப்படுறீர்? கால் கொஞ்சம் வீங்கிக் கிடக்குது. ராத்திரி மூச்சு முட்டினது. இண்டைக்குப் பரவாயில்லை."

"அம்மா, அந்தக் கோல் எத்தனை மணிக்கு வந்தது?"

"மகள் என்னை ஏத்த வர முன்னம். மூண்டரை இருக்கும். அவள் நாலுக்குக் கால் மணித்தியாலம் இருக்க வந்தவள்." பிறகு கொஞ்சம் தயங்கிச் சொன்னார்: "மகள் சொன்னவள் தம்பி. எந்த நாளும் அஞ்சு நாப்பதுக்கெல்லோ வான் வாறது, அவை பிழையாச் சொல்லியிருப்பினம், எதுக்கும் ஞாயிறு பின்னேரமே கொண்டுபோய் விடுறன் எண்டு. நான்தான் கேக்கேல்லை. நாலு வருசமா எடுத்துச் சொல்லுகினம், ஒருநாளும் பிழை விட்டதில்லை எண்டு அவளோட சண்டை பிடிச்சனான்."

தொலைபேசியைப் பிடித்தபடி கடதாசியில் கணக்குப் போட்டேன். இரண்டு ஐம்பத்தொன்றிலிருந்து மூன்றரைக்கு முப்பத்தொன்பது நிமிடம். அதில் எந்த நிமிடத்தில் நான் வாயைத் திறந்திருந்தாலும் அந்தக் குரல் அவரை அழைத்திருக்காது.

"தம்பி, நிக்கிறீரோ?"

"ஓம் அம்மா."

"புதன்கிழமைக்கும் கோல் வந்தது. அஞ்சு நாப்பதாம். நம்பலாமோ?"

'நிச்சயம்' என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. விழுங்கினேன். "கொஞ்சம் பொறுங்கோ அம்மா, பார்த்துப்போட்டு வாறன்" என்று சொல்லித் தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு ஆரணியிடம் போனேன். புதன்கிழமைப் பட்டியலைத் திறக்கச் சொன்னேன். பிறகு அது எந்தக் கட்டுமானத்திலிருந்து வந்தது என்று காட்டச் சொன்னேன். பிறகு பூட்டுக் கோப்பில் அந்தப் பொதியின் இலக்கத்தைக் காட்டச் சொன்னேன். அவள் ஒவ்வொன்றாகக் காட்டினாள். ரெஜினாவிடம் போய்ச் சாரதியின் கடதாசியையும் பார்த்தேன். அந்த அம்மாவின் பெயர் மூன்றாவதாக இருந்தது.

திரும்பி வந்தபோது நான்கு நிமிடம் ஆகியிருந்தது. அவர் வைக்காமல் காத்துக்கொண்டிருந்தார்.

"ஓம் அம்மா," என்றேன். "புதன்கிழமை, அஞ்சு நாப்பது."